கம்பு கசப்பது யாருக்கு?

அரியலூர் மாவட்டம், செந்துறை வட்டத்திலுள்ள ஆலத்தியூரை வெளியூர்க்காரர்கள் சிமென்ட் ஆலையை வைத்துத்தான் அறிவார்கள். ஆலைக்குக் கல் கொடுக்கும் சுண்ணாம்புப் பாறை, பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தபோது படிந்தது. இந்தப் பக்கத்தில் வானம் பார்த்த கரிசல் நிறைய. வரகும் சோளமும் கம்பும் விளைந்த அந்த நிலத்தில் இப்போது மக்காச்சோளமும் பருத்தியும் நிற்கின்றன. மக்காச்சோளத்தில் பெரும்பகுதி கோழித் தீவனமாகப் போகிறது. கம்போ, பளபளப்பான பாக்கெட்டில் மாவாக, கடை வழியாக ஊருக்குத் திரும்பி வருகிறது.

2023ஐ ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. இந்தியா முன்மொழிய, 72 நாடுகள் ஆதரித்த தீர்மானம் அது. அதையொட்டி எழுந்த அலை இன்னும் ஓயவில்லை. கம்பு தோசை மாவு, கம்பு பிஸ்கட், கம்பு நூடுல்ஸ், சத்து மாவு என்று கடை அலமாரி நிறைந்திருக்கிறது. கூடவே ஒரு குற்றச்சாட்டும் வளர்ந்திருக்கிறது. பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை, சில பெரியவர்களுக்கும் பிடிக்கவில்லை. ஆக, இந்தத் தலைமுறையின் நாக்கு கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த நாக்கின் பக்கம் நின்று பேச அறிவியலிடம் நிறைய விஷயம் இருக்கிறது.

இந்த ஊர்ப்பக்க வீடுகளில் வழக்கமாகக் கேட்கும் பேச்சு ஒன்று:

"அப்பாயி, இது கசக்குது."

"கம்பு எங்கயாச்சும் கசக்குமாடி? மாவு பழசா இருக்கும்."

அப்பாயி சொல்வது பெரும்பாலும் உண்மை. கம்பு மணியைப் பிட்டுப் பார்த்தால், அதன் உடம்பில் முளைக்கருவின் பங்கு அதிகம் என்று தெரியும். கம்பின் எண்ணெய் பெரும்பாலும் அந்த முளைக்கருவில்தான் இருக்கிறது. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணைப்படி, 100 கிராம் கம்பில் கொழுப்பு சுமார் 5.4 கிராம். தீட்டிய பச்சரிசியில் அது அரை கிராம்தான். இரும்புச்சத்தும் அப்படியே: கம்பில் 6.4 மில்லிகிராம், அரிசியில் 0.65. கம்பை உயர்த்திப் பேசுகிறவர்கள் இரும்புக் கணக்கை மட்டும் சொல்வார்கள். கசப்பின் கதை கொழுப்புக் கணக்கில் இருக்கிறது.

எண்ணெய் இருக்கும் அதே மணியில் லைபேஸ் என்ற நொதியும் இருக்கிறது. எண்ணெயை உடைத்துக் கொழுப்பு அமிலங்களாக்குவது அதன் வேலை. விதை முளைக்கும்போது வளரும் முளைக்கு உணவு வேண்டும். அதற்காகத்தான் இயற்கை இந்த ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. மணி முழுசாக இருக்கும்வரை எண்ணெய் ஓரிடத்தில், நொதி வேறிடத்தில். அதனால் காய்ந்த கம்பு மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கும். மில்லில் போட்டு அரைத்த நொடியில் இரண்டும் கலந்துவிடுகின்றன. எண்ணெய் உடையத் தொடங்குகிறது. விடுபட்ட லினோலியிக், ஒலியிக் அமிலங்களைக் காற்றிலுள்ள ஆக்சிஜனும் வேறு சில நொதிகளும் மேலும் சிதைக்கின்றன. ஒரு வாரம், பத்து நாளில் நாக்குக்குக் கசப்பு தெரியும். மூக்குக்குச் சிக்கு வாடை தெரியும். வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம்.

நம் பெண்கள் கம்பை மாவாக்கிச் சேமித்து வைத்ததில்லை. கம்பாகவே குதிரில் இருக்கும். அன்றன்றைக்கு வேண்டியதைத் தண்ணீர் தெளித்து உரலில் குத்தி, புடைத்து, இடித்து அன்றைக்கே பொங்கினார்கள். ஆலையில் அரைத்து, பாக்கெட்டில் அடைத்து, கிடங்கில் கிடந்து, சில மாத ஆயுளோடு கடைக்கு வரும் கம்பு மாவு அவர்கள் அறியாத பண்டம். பிள்ளை முகம் சுளிப்பது பெரும்பாலும் இந்தப் பழைய மாவைப் பார்த்துத்தான். கம்பின் மேல் அந்தப் பழியைப் போடுவது நியாயமில்லை.

இதற்குத் தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஓட்ஸுக்கும் இதே கோளாறு உண்டு. அதில் கொழுப்பு கம்பை விடவும் அதிகம். மேலை நாட்டு ஆலைகள் ஓட்ஸை நீராவியில் வேகவைத்து நொதியைக் கொன்றுவிட்டுத்தான் தட்டையாக்கி விற்கின்றன. நம் புழுங்கல் அரிசியிலும் இதுதான் நடக்கிறது. நெல்லை அவிக்கும்போதே தவிட்டிலுள்ள லைபேஸ் செயலிழந்துவிடுகிறது. அதனால்தான் பச்சரிசித் தவிட்டை விடப் புழுங்கல் தவிடு எண்ணெய் ஆலைக்காரர்களுக்குத் தோதாக இருக்கிறது. கம்பையும் கொதிநீரில் சில விநாடி முக்கி எடுத்து, நன்றாகக் காயவைத்து அரைத்தால் மாவு நெடுநாள் தாங்கும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வறுத்து அரைத்தாலும் பலன் உண்டு. சிறுதானிய மாவு விற்கும் பெரிய நிறுவனமானாலும் மகளிர் குழுவானாலும் இந்த ஒரு வேலையைச் செய்தாலே பாதி வெறுப்பு தீர்ந்துவிடும். விளம்பரத்துக்குச் செலவாகும் பணத்தில் கொஞ்சம் இதற்குப் போனால் என்ன என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

வாடையின் கதை இன்னும் வியப்பானது. அரைத்த கம்பு மாவில் தண்ணீர் பட்டால் லேசான எலி வாடை வருகிறது என்று பலர் சொல்வார்கள். 1990களில் அமெரிக்க ஆய்வாளர்கள் நனைந்த கம்பு மாவின் ஆவியைப் பகுத்துப் பார்த்தார்கள். அந்த வாடையில் பங்குள்ள ஒரு சேர்மம், 2-அசிட்டைல்-1-பைரோலின். இதே சேர்மம்தான் பாஸ்மதி அரிசிக்கு மணம் தருகிறது. ரம்பை இலையிலும், பொரித்த மக்காச்சோளத்திலும் இருப்பதும் இதுதான். ஆயிரம் கோடிப் பங்கு தண்ணீரில் அது ஒரு பங்கு கலந்திருந்தாலே மனித மூக்கு பிடித்துவிடும். பிரியாணியில் வாயூற வைப்பது கம்பு மாவில் ஒதுங்க வைக்கிறது. ஒரு மூலக்கூறை மூக்கு தனியாக முகர்வதில்லை. அது எவ்வளவு இருக்கிறது, பக்கத்தில் வேறு என்னென்ன இருக்கின்றன, எந்த உணவை எதிர்பார்த்து நாம் உட்கார்ந்திருக்கிறோம் என்பதையெல்லாம் சேர்த்தே மூளை முடிவு செய்கிறது.

நாக்குகளும் ஒன்றுபோல் இல்லை. 1931இல் அமெரிக்க வேதியியலாளர் ஆர்தர் ஃபாக்ஸ் ஆய்வகத்தில் பி.டி.சி. என்ற பொடியைக் கையாண்டபோது அது காற்றில் பறந்தது. கூட இருந்தவர் வாயெல்லாம் கசக்கிறது என்றார். ஃபாக்ஸுக்கோ ஒன்றுமே தெரியவில்லை. அந்த வேறுபாடு பரம்பரையாக வருவது என்று பிறகு தெரிந்தது. அதற்குரிய மரபணுவை 2003இல் கண்டுபிடித்தார்கள். கசப்பை உணர மனிதனிடம் இருக்கும் ஏறத்தாழ 25 வகை ஏற்பிகளில் அந்த மரபணு தருவது ஒன்றே ஒன்று. கம்பு மாவின் கசப்பு பி.டி.சி.யின் கசப்பு அல்ல. ஆனாலும் ஒரே கிண்ணத்துக் கூழை ஒருவர் "நல்லாத்தானே இருக்கு" என்றும் இன்னொருவர் "வாய்ல வைக்க முடியல" என்றும் சொன்னால், இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள் என்று நம்ப இது போதும்.

பழக்கம் பிறப்புக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கடைசி மூன்று மாதங்களில் கேரட் சாறு குடித்த கர்ப்பிணிகளின் குழந்தைகள், பின்னாளில் கேரட் கலந்த கூழைக் கொடுத்தபோது அவ்வளவாக முகம் சுளிக்கவில்லை என்று ஆய்வாளர் ஜூலி மெனெல்லாவின் குழு 2001இல் காட்டியது. தாய் தின்றதன் சுவை பனிக்குடநீர் வழியாகவும் தாய்ப்பால் வழியாகவும் பிள்ளைக்குப் போகிறது. வீட்டில் ஒரு தலைமுறை கம்பு இல்லாமல் போனால் அடுத்த தலைமுறைக்கு அந்த முதல் அறிமுகமே கிடைக்காது. ஆலத்தியூர்ப் பக்கத்துக் கரிசலில் பயிர் மாறியபோது வீட்டு நாக்குகளும் கூடவே மாறியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

கம்பின் நிறம் பிடிக்காதவர்களும் உண்டு. சாம்பல் பூத்த அந்த நிறம் ஃப்ளேவனாய்டு சேர்மங்களிலிருந்து வருகிறது. புளிப்பு பட்டால் அது வெளுக்கும்; சோடா உப்பு பட்டால் மஞ்சளும் பச்சையுமாகும். வீட்டிலேயே பார்க்கலாம். கம்பு மாவைக் கரைத்து இரண்டு கிண்ணத்தில் ஊற்றி, ஒன்றில் புளித்த மோர் விட்டு, மற்றொன்றில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டுக் கலக்குங்கள். கூழைப் புளிக்க வைத்து மோர் ஊற்றிக் கரைப்பதில் நிறத்தைத் தெளிய வைக்கும் வேலையும் நடக்கிறது. புளிக்க வைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களுக்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு: இரும்பை இறுகப் பிடித்து வைத்திருக்கும் ஃபைட்டிக் அமிலம் புளிக்கும்போது குறைகிறது, உடம்பு இரும்பை எடுத்துக்கொள்ள வழி பிறக்கிறது. சோடா போட்டுச் சுட்ட கம்பு பிஸ்கட்டில் இந்த வேலை நடக்க இடமே இல்லை. சித்திரை வெயிலில் சாலையோர வண்டியில் விற்கும் கூழ், மோர் மிளகாயும் செட்டிகுளத்துச் சின்ன வெங்காயமும் கடித்துக்கொள்ளக் கிடைத்தால், அந்த பிஸ்கட்டைவிட எத்தனையோ மடங்கு மேலானது என்பேன்.

மாவு கசப்பதன் மூலக்காரணத்தையே பயிரில் மாற்றும் முயற்சியும் நடக்கிறது. லைபேஸ் மரபணுக்கள் இயல்பாகவே பழுதுபட்ட கம்பு வகைகளில் மாவு மெதுவாகவே சிக்கடிக்கிறது என்று ஹைதராபாத் அருகிலுள்ள இக்ரிசாட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்டார்கள். அந்தப் பண்பை நல்ல மகசூல் ரகங்களில் ஏற்றிவிட்டால் மாவு வியாபாரத்தின் முகமே மாறும்.

அதுவரை கம்பை மணியாக வாங்குங்கள். வறுத்து, ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள். மிஞ்சும் மாவைக் குளிர்பெட்டியில் வையுங்கள். கடையில் மாவுதான் கிடைக்கிறதென்றால் அரைத்த தேதியைப் பாருங்கள், வீட்டுக்கு வந்ததும் ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் வீட்டில் யாருக்கும் கொடுக்காதீர்கள். அப்படியும் ஒரு பிள்ளைக்குக் கம்பு பிடிக்கவில்லையா, விட்டுவிடுங்கள். 100 கிராம் கேழ்வரகில் கொழுப்பு 2 கிராமுக்கும் குறைவு. அதன் மாவு இவ்வளவு சீக்கிரம் கசக்காது. அந்தப் பிள்ளைக்குக் கேழ்வரகு அடை சுட்டுக் கொடுங்கள்.