எண்ணிய பின் நீக்குக

நுழையும்முன்

ஒன்றைச் சேர்ப்பது எளிது. சேர்த்ததை ஊறின்றி நீக்குவது அரிது. வீட்டின் ஒரு தூணை அகற்ற நினைப்பவர், அதன்மேல் எந்த உத்தரம் தங்கியிருக்கிறது என்பதை முதலில் பார்க்கிறார். கணினிக்கும் இந்த எச்சரிக்கை வேண்டும். இயங்கிக்கொண்டிருக்கும் கணினியின் உட்கருவிலிருந்து ஒரு பகுதியை நீக்குவதற்கு முன், அதனை யாரெல்லாம் பயன்படுத்துகின்றனர் என்று கணினி எண்ணிப் பார்க்கிறது. அந்த எண்ணிக்கையை எங்கே வைப்பது, எப்போது கூட்டுவது என்னும் கேள்விகளுக்கு அறிஞர்கள் விடை கண்ட வரலாற்றை இப்பாடம் விளக்குகிறது.

பூட்டப்பட்ட ஆய்வகம்

ஆவடியை அடுத்துள்ள முத்தாபுதுப்பேட்டை, விமானப்படை நிலையத்தை ஒட்டி வளர்ந்த ஊர். அவ்வூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியையும் அதன் கணினி ஆய்வகத்தையும் மனத்தில் எண்ணிக்கொள்வோம். மாலை நேரம். வகுப்புகள் முடிந்துவிட்டன. ஆய்வகத்தினுள் சன்னலோரமாக ஒரு மேசையும் அதன்மேல் ஒரு பதிவேடும் உள்ளன. உள்ளே வருபவர் அதில் தம் பெயரை எழுத வேண்டும். வெளியேறும்போது அப்பெயரை அடித்துவிட வேண்டும். பெயர் எதுவும் எஞ்சவில்லை என்றால் ஆய்வகத்தைப் பூட்டலாம்.

ஆய்வக உதவியாளர் வெளியில் நின்றவாறே சன்னல் வழியாகப் பதிவேட்டைப் பார்க்கிறார். எல்லாப் பெயர்களும் அடிக்கப்பட்டுள்ளன. கதவை இழுத்துப் பூட்டிவிட்டுச் செல்கிறார். ஆனால், அவர் பதிவேட்டைப் பார்த்த அதே நொடியில் ஒரு மாணவி கதவு வழியாக உள்ளே நுழைந்திருக்கிறாள். அலமாரிகளைக் கடந்து பதிவேட்டை நோக்கி அவள் நடந்துகொண்டிருக்கிறாள். இன்னும் பெயர் எழுதவில்லை. பதிவேட்டின் கணக்கில் அவள் இல்லை, அறையிலோ இருக்கிறாள்.

உதவியாளர் விதியை மீறவில்லை. மாணவியும் மீறவில்லை. பதிவேடு வைக்கப்பட்டிருந்த இடமே பிழை. இதே பிழை லினக்ஸ் என்னும் புகழ்பெற்ற இயக்க அமைப்பிலும் பல ஆண்டுகள் இருந்தது.

உட்கருவும் இயக்கிக் கூறுகளும்

கணினியின் வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கும் நடுவில் நின்று பணிகளைப் பங்கிட்டுத் தருவது இயக்க அமைப்பு. அதன் நடுநாயகமான பகுதி கெர்னல் எனப்படும் உட்கரு. அச்சுப்பொறி, ஒலிபெருக்கி, பென்டிரைவ் போன்ற ஒவ்வொரு சாதனத்தோடும் பேசுவதற்கு உட்கருவுக்குத் தனித்தனி மொழிபெயர்ப்பாளர்கள் தேவை. அவையே இயக்கிகள்.

உலகிலுள்ள எல்லாச் சாதனங்களுக்கும் உரிய இயக்கிகளை உட்கருவிலேயே அடைத்து வைத்தால் நினைவகம் வீணாகும். எனவே, இயக்கிகளைத் தனித்தனிக் கூறுகளாக வட்டில் வைத்திருந்து, தேவைப்படும்போது மட்டும் உட்கருவில் ஏற்றும் முறை உருவானது. பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸ், தன் தொடக்க ஆண்டுகளிலேயே இவ்வசதியைப் பெற்றது. ஏற்றிய கூறினைப் பணி முடிந்ததும் நீக்கலாம். பிழை திருத்திய புதிய கூறினை, கணினியை அணைத்துத் தொடங்காமலேயே பழையதற்கு மாற்றாக ஏற்றலாம்.

இவ்வமைப்பு தமிழகத்துக்குத் தொலைவானதன்று. இந்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக், தன் சென்னை மையத்தில் லினக்ஸ் உட்கருவையும் டெபியன் தொகுப்பையும் அடிப்படையாகக் கொண்டு பாஸ் என்னும் இயக்க அமைப்பை உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பணியாற்றுவதற்கு அது வழிசெய்தது. தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட பல கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. மாணவர் கைக்கு வந்த அம்மடிக்கணினிகளுக்குள்ளும் இயக்கிக் கூறுகள் ஏறியும் இறங்கியும் வந்தன.

எண்ணிக்கை என்னும் காவல்

உட்கருவில் நிகழும் பிழைக்கும் பிற மென்பொருள்களில் நிகழும் பிழைக்கும் பெரிய வேறுபாடு உண்டு. கட்டுரை எழுதும் மென்பொருள் பழுதுபட்டால் அது மட்டும் நின்றுவிடும், மற்றவை இயங்கும். உட்கருவின் கூறுகளுக்கு இடையே அத்தகைய தடுப்புச்சுவர் இல்லை. அவை அனைத்தும் ஒரே நினைவகப் பரப்பைப் பகிர்ந்துகொள்கின்றன. செயலி ஒரு கூறின் ஆணைகளை நிறைவேற்றிக்கொண்டிருக்கும்போதே அக்கூறு நினைவகத்திலிருந்து நீக்கப்பட்டால், அடுத்த ஆணை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இராது. அல்லது தொடர்பில்லாத வேறொன்று இருக்கும். அதன் விளைவாகக் கணினி முழுவதும் நிலைகுலையக்கூடும். சேமிக்கப்படாத செய்முறைப் பதிவும் பாதி எழுதப்பட்ட கோப்பும் அத்துடன் அழியும். பூட்டிய அறைக்குள் அகப்பட்ட மாணவி குரல் கொடுத்து வெளியே வரலாம். கணினியிலோ அறையே மறைந்துவிடுகிறது.

இதனைத் தடுப்பதற்காக ஒவ்வொரு கூறுக்கும் ஒரு பயன்பாட்டு எண்ணிக்கை வைக்கப்பட்டது. பயன்படுத்துபவர் ஒருவர் வந்தால் ஒன்று கூடும். அவர் விலகினால் ஒன்று குறையும். எண்ணிக்கை பூச்சியமாக இருந்தால் மட்டுமே கூறினை நீக்கலாம். இக்கருத்து லினக்ஸில் பிறந்ததன்று. நினைவகத்தில் ஒரு தரவுப் பகுதியை எத்தனை பேர் சுட்டுகின்றனர் என்று எண்ணி, ஒருவரும் சுட்டாதபோது அதனை விடுவிக்கும் முறையை அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் காலின்ஸ் 1960-இலேயே வெளியிட்டார்.

மாணவர் ஒருவர் தம் பென்டிரைவைக் கணினியில் செருகிக் கோப்புகளைத் திறக்கிறார் எனக் கொள்வோம். பென்டிரைவின் கோப்பு முறைமையைப் படிக்க விஃபேட் என்னும் கூறு ஏற்றப்படுகிறது. அக்கூறு ஃபேட் என்னும் மற்றொரு கூறினைச் சார்ந்தது. எனவே, ஃபேட் கூறின் எண்ணிக்கையில் விஃபேட்டும் ஒரு பயனராகச் சேர்கிறது. பென்டிரைவ் இணைப்பில் இருக்கும்வரை விஃபேட்டை நீக்க முடியாது. விஃபேட் இருக்கும்வரை ஃபேட்டை நீக்க முடியாது. நீக்கச் சொன்னால், அக்கூறு பயன்பாட்டில் உள்ளது என்று கணினி மறுத்துவிடும்.

தெரிந்து தெளிவோம்

லினக்ஸ் கணினியின் முனையத்தில் எல்எஸ்மாட் என்னும் கட்டளையைக் கொடுத்தால், ஏற்றப்பட்டுள்ள கூறுகளின் பட்டியல் தோன்றும். முதல் நிரலில் கூறின் பெயரும், இரண்டாம் நிரலில் நினைவகத்தில் அதன் அளவும், மூன்றாம் நிரலில் பயன்பாட்டு எண்ணிக்கையும் இருக்கும். அக்கூறினைச் சார்ந்துள்ள பிற கூறுகளின் பெயர்கள் எண்ணிக்கையை அடுத்து இடம்பெறும். கூறினை நீக்கும் கட்டளையின் பெயர் ஆர்எம்மாட்.

இடைவெளியில் ஒளிந்த பிழை

தொடக்கக் கால லினக்ஸில் எண்ணிக்கையைக் கூட்டும் பொறுப்பு கூறின் கையிலேயே இருந்தது. ஒருவர் சாதனத்தைத் திறந்தால், செயலி கூறுக்குள் நுழையும். கூறு தன் எண்ணிக்கையைத் தானே ஒன்று கூட்டிக்கொள்ளும். பணி முடிந்ததும் தானே ஒன்று குறைத்துக்கொள்ளும். பதிவேடு அறைக்குள்ளேயே இருந்தது என்பதே இதன் பொருள்.

செயலி கூறுக்குள் நுழைவதற்கும் எண்ணிக்கை கூடுவதற்கும் நடுவில் மிகச் சிறிய இடைவெளி உண்டு. வெளியேறும்போதும் அவ்வாறே. எண்ணிக்கையைக் குறைத்த பின்னும் கூறின் கடைசிச் சில ஆணைகள் எஞ்சியிருக்கும். மாணவி தன் பெயரை அடித்துவிட்டாள். ஆனால், கதவை இன்னும் அடையவில்லை. இவ்விரு இடைவெளிகளிலும் எண்ணிக்கை பூச்சியம் என்றே காட்டும். உள்ளேயோ ஆள் இருப்பார்.

ஒரே ஒரு செயலி கொண்ட கணினிகளில், ஒன்று முடிந்த பின்பே மற்றொன்று என்னும் ஒழுங்கு இருந்தமையால் இக்குறை பெரும்பாலும் வெளிப்படவில்லை. பல செயலிகள் ஒரே நேரத்தில் உட்கருவுக்குள் பணியாற்றும் காலம் வந்தபோது இடர் கூடியது. ஒரு செயலி கூறுக்குள் நுழையும் அதே கணத்தில், மற்றொரு செயலி பூச்சியத்தைக் கண்டு கூறினை நீக்கிவிடக்கூடும். இத்தகைய பிழைகள் ஆயிரம் முறை இயக்கினாலும் தோன்றாமல், ஆயிரத்தோராவது முறை தோன்றும். தோன்றிய பின் தடயத்தையும் விட்டுவைப்பதில்லை.

வாயிலில் எண்ணுதல்

தீர்வு எளிய சிந்தனை ஒன்றில் இருந்தது. உள்ளே சென்ற பின் எண்ணக் கூடாது. உள்ளே விடுவதற்கு முன்பே எண்ண வேண்டும். எண்ணுபவர் வெளியில் இருக்க வேண்டும். பதிவேட்டை அறைக்குள்ளிருந்து எடுத்து, வாயிலில் நிற்கும் காவலரிடம் கொடுத்துவிட்டால் போதும்.

2001-இல் வெளிவந்த லினக்ஸ் 2.4 ஆம் பதிப்பில், தன் பணிகளுக்கு எந்தக் கூறு உரிமையாளர் என்பதை இயக்கி முன்னரே எழுதித் தரும் முறை இடம்பெற்றது. அதனைப் பார்த்து உட்கருவே எண்ணிக்கையைக் கூட்டிய பின்னர்தான் செயலியைக் கூறுக்குள் அனுப்பியது. ஆஸ்திரேலிய மென்பொருளாளர் ரஸ்டி ரஸ்ஸல், கூறுகளை ஏற்றி இறக்கும் பகுதியைப் புதிதாக எழுதியமைத்தார். 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 ஆம் பதிப்பு அப்புதிய அமைப்பைக் கொண்டிருந்தது.

வாயிலில் எண்ணினால் மட்டும் போதாது. காவலர் பதிவேட்டைப் பார்த்துவிட்டுப் பூட்டை எடுக்கத் திரும்பும் நேரத்தில் ஒருவர் உள்ளே நுழைந்துவிட்டால் பழைய சிக்கலே மீளும். எனவே, பூச்சியமா என்று பார்ப்பதும் கதவை அடைப்பதும் பகுக்கவியலாத ஒரே செயலாக அமைய வேண்டும். இன்றைய லினக்ஸ் இதனை நுட்பமாகச் செய்கிறது. கூறு ஏற்றப்படும்போதே உட்கரு அதன் கணக்கில் 1 என்னும் தொடக்க எண்ணை இடுகிறது. பயனர்கள் அதன்மேல் கூடுகின்றனர். நீக்கும் வேளையில் உட்கரு தான் இட்ட 1-ஐக் கழித்துப் பார்க்கிறது. விடை பூச்சியம் அன்று எனில், கழித்ததை மீண்டும் கூட்டிவிட்டு நீக்கத்தைக் கைவிடுகிறது. விடை பூச்சியம் எனில், கதவு அக்கணமே அடைபட்டுவிடுகிறது. ஏனெனில், பூச்சியத்திலிருந்து எண்ணிக்கையை மேலே கூட்ட ஒருவருக்கும் இசைவு இல்லை. அதன்பின் வருபவர் ‘நுழைய இயலாது’ என்னும் விடையைப் பெற்றுத் திரும்புகிறார். இல்லாத அறைக்குள் கால்வைப்பதில்லை.

இதனால் நுழைவு என்பது உரிமையாக இல்லாமல் வேண்டுகோளாக மாறியது. வேண்டுகோள் மறுக்கப்படலாம் என்பதை எதிர்பார்த்தே இயக்கி எழுதுபவர் தம் நிரலை அமைக்க வேண்டும்.

எண்ணிக்கைக்கு அப்பால்

எண்ணிக்கை வெளியிலிருந்து வருபவர்களை மட்டுமே காட்டும். கூறு தானே ஏற்றுக்கொண்ட கடமைகளை அது காட்டாது. இத்தனை நொடிகள் கழித்து என்னை எழுப்பு என்று கூறு ஒரு நேரங்காட்டியிடம் சொல்லி வைத்திருக்கலாம். சாதனம் குறுக்கீடு செய்தால் எனக்குத் தெரிவி என்று பதிந்து வைத்திருக்கலாம். அவற்றை நீக்காமல் கூறு மறைந்துவிட்டால், குறித்த நேரத்தில் வரும் அழைப்பு வெற்றிடத்தை அடைந்து கணினியை வீழ்த்தும். ஆகவே, ஒவ்வொரு கூறும் தன் இறுதிப் பணியாகப் பதிந்தவற்றை நீக்கி, நேரங்காட்டிகளை நிறுத்தி, நடந்துகொண்டிருக்கும் வேலை முடியும்வரை காத்திருந்து, பெற்ற நினைவகத்தைத் திருப்பித் தந்த பின்னரே விடைபெற வேண்டும்.

எண்ணுவதில் இருவகைத் தவறுகள் நேரலாம். கூட்டியதைக் குறைக்க மறந்தால் எண்ணிக்கை ஒருநாளும் பூச்சியமாகாது. கணினியை மறுபடியும் தொடங்கும்வரை கூறு வீணே தங்கியிருக்கும். கூட்ட மறந்தாலோ, இருமுறை குறைத்தாலோ, பயனில் உள்ள கூறு நீக்கப்படும். முன்னது நட்டம், பின்னது நாசம். ஐயம் எழும் இடத்தில் நீக்காமல் விடுவதே அறிவுடைமை. நீக்கும் வசதியே இல்லாமல் லினக்ஸ் உட்கருவை அமைத்துக்கொள்ளவும் இயலும்.

எண்ணிக்கையைப் பொருட்படுத்தாமல் வலிந்து நீக்கும் வழியும் உண்டு. விரும்பினால் மட்டுமே அதனை உட்கருவில் சேர்க்க முடியும். அவ்வாறு ஒருமுறை செய்துவிட்டால், உட்கரு தன்னைக் கறைபட்டதாகக் குறித்துக்கொள்கிறது. அதன்பின் நேரும் பழுதை ஆராய்பவர் அக்குறியைக் கண்டு, இக்கணினியில் விதி மீறப்பட்டுள்ளது என்று அறிவர்.

பதிவேட்டின் பாடம்

முத்தாபுதுப்பேட்டை ஆய்வகத்திற்கு மீண்டும் செல்வோம். இப்போது பதிவேடு வாயிலில் உள்ளது. மாணவி பெயரெழுதிய பின்பே உள்ளே செல்கிறாள். வெளியே வந்த பின்பே பெயரை அடிக்கிறாள். உதவியாளர் பூட்ட முடிவு செய்துவிட்டால், அதற்குப் பின் வருபவரிடம் நாளை வருமாறு சொல்கிறார். மாறியது ஒரு பதிவேட்டின் இடம்; அதனுடன் எழுதும் வரிசை. அச்சிறு மாற்றமே கோடிக்கணக்கான கணினிகள் நிலைகுலையாமல் இயங்குவதற்குத் துணைநிற்கிறது. ஒன்றை நீக்கும் அதிகாரம் உடையவர், அதனை நம்பி உள்ளே இருப்பவர்களைச் சரியாக எண்ணும் கடமையும் உடையவர்.

கலைச்சொற்கள்

உட்கரு – கெர்னல்
இயக்கி – டிரைவர்
கூறு – மாட்யூல்
பயன்பாட்டு எண்ணிக்கை – ரெஃபரன்ஸ் கவுண்ட்
பகுக்கவியலாச் செயல் – அட்டாமிக் ஆபரேஷன்

கற்பவை கற்றபின்…

1. பள்ளி ஆய்வகத்தில் லினக்ஸ் கணினி இருப்பின், பென்டிரைவைச் செருகுவதற்கு முன்னும் பின்னும் கூறுகளின் பட்டியலைப் பார்த்து, மாறிய எண்ணிக்கைகளை அட்டவணைப்படுத்துக.

2. ‘பார்ப்பதும் பூட்டுவதும் ஒரே செயலாக அமைய வேண்டும்’ என்னும் கருத்து, தொடர்வண்டிப் பயணச்சீட்டு முன்பதிவில் எவ்வாறு பொருந்துகிறது என்பது குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.