தொண்டர் தலைவரைத் தெரியும் முறை

ஊதியம் பெறுவோரை நடத்துதல் ஒருவாறு எளிது. ஊதியமின்றித் தாமே முன்வந்தோரை நடத்துதல் அரிது. ஊதியம் பெறுபவன் தன் தலைவனை வெறுத்தாலும் மறுநாள் வேலைக்கு வருவான். தொண்டனோ வெறுத்த அன்றே வீட்டிலிருந்துவிடுவான். அவனை வருவிக்கச் சட்டமுமில்லை, தண்டமுமில்லை. ஆகவே, தொண்டர் தலைவர் ஒருவருக்குரிய அதிகாரம் யாது என வினவின், வருவோரின் மனவிணக்கம் ஒன்றே என்பது விடையாகும். அரசியல் தேர்தலில் வென்றவர் யார் என்பதோடு காரியம் முடிந்துவிடுகின்றது. தொண்டர் தெரிவிலோ, தோற்றவர் மறுநாள் மண்வெட்டியுடன் வருகின்றாரா என்பதே வினா. இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு, கிராமத்து இளைஞர் முன்னேற்ற வேலைகளுக்குத் தலைவரைத் தெரியும் முறைகளை ஈண்டு ஆராய்வாம்.

ஆராய்ச்சிக்கு ஓர் இடம் வேண்டும். வன்னிப் பெருநிலத்தின் நடுவே, கண்டி வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி கிழக்கே பிரியுமிடத்தில் அமைந்தது மாங்குளம். முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டான் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்த ஊர் இது. 1990 ஆம் ஆண்டில் நின்ற புகைவண்டி இவ்வூரைக் கடந்து கிளிநொச்சிவரை மீண்டும் ஓடியது 2013 ஆம் ஆண்டிலேயாம். போர் முடிந்த 2009 ஆம் ஆண்டின்பின் மக்கள் சிறுகச்சிறுகத் திரும்பி, காடேறிக் கிடந்த வளவுகளைத் துப்புரவாக்கிக் குடியமர்ந்தனர். இத்தகைய வன்னிக் கிராமங்களில் பழைய வன்னிக் குடிகள் உளர். குடாநாட்டிலிருந்து வந்து காடு வெட்டிக் கழனியாக்கியோர் உளர். 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் மலையகத்திலிருந்து வந்து தங்கியோரும் உளர். விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களில் 1960களில் எழுந்த படித்த வாலிபர் குடியேற்றத் திட்டங்களின் வழிவந்த குடும்பங்களும் அயலில் வாழ்கின்றன. ஒரே ஒழுங்கையில் பல வரலாறுகள் வாழும் இடத்தில், ஒருவரைத் தலைவராக்கும் செயல் ஒரு பகுதியாரை உள்ளே அழைப்பதாகவும் மறு பகுதியாரை வெளியே நிறுத்துவதாகவும் எளிதில் மாறிவிடும். இதுவே நம் பொருளின் பாரம்.

இளைஞரை ஒன்றுசேர்க்கும் அமைப்புகள் நாட்டிற்குப் புதியனவல்ல. கொழும்பு நாளந்தாக் கல்லூரி ஆசிரியராயிருந்த ஏ. ரி. ஆரியரத்தின 1958 ஆம் ஆண்டில் தம் மாணவரைக் கனத்தொழுவ என்னும் பின்தங்கிய கிராமத்திற்கு அழைத்துச் சென்றதிலிருந்து சர்வோதய சிரமதான இயக்கம் வளர்ந்தது. 1979 ஆம் ஆண்டின் 69 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் அமைந்தது. அதன் கீழ்க் கிராமந்தோறும் இளைஞர் கழகங்களும், அவற்றின்மேல் பிரதேச, மாவட்ட சம்மேளனங்களும் உருவாயின. கிராமத்துக் கழகமே இப்படிகளுள் முதற்படி. முதற்படி ஆடினால் மேற்படிகள் நிலைபெறா.

இனி, அம்முதற்படியில் வழக்கமாய் நிகழ்வதை நோக்குவாம். பொதுநோக்கு மண்டபத்திற் கூட்டம் கூடும். ஒருவர் ஒரு பெயரைப் பிரேரிப்பர், மற்றொருவர் ஆமோதிப்பர், வேறு பெயர் உண்டோ என்று கேட்கப்படும், மண்டபம் அமைதியாயிருக்கும். 'ஏகமனதாகத் தெரிவுசெய்யப்பட்டார்' என்று கூட்டறிக்கையில் எழுதப்படும். இவ்வேகமனது சிலவேளைகளில் மெய்யான ஒருமனம். பலவேளைகளில் எழுந்து மறுத்துரைக்கக் கூசியதன் மறுபெயர். முன்வரிசையில் மாமனும் ஆசிரியரும் அமர்ந்திருக்க, பின்வரிசை இளைஞன் வேறொரு பெயரைச் சொல்வது எங்ஙனம்? கையுயர்த்தி வாக்களித்தலும் இக்குறையைத் தீர்ப்பதில்லை. உறவும் அயலும் பின்னிய ஊரில், ஒருவருக்காக உயர்ந்த கை அடுத்த கோயிற் றிருவிழாவரைக்கும் நினைவில் வைக்கப்படும்.

இம்முறையால் விளையும் தீமைகள் மூன்று. முதலாவது, மோட்டார்ச் சைக்கிளும் ஓய்வுநேரமும் உத்தியோகத்தரோடு பேசும் துணிவும் உடைய ஒருவரே எல்லாச் சங்கங்களுக்கும் தலைவராகின்றார். இரண்டாவது, எழுத்தழகுள்ள பெண் செயலாளராகிறாள். எவ்வளவு ஆற்றலிருந்தாலும் தலைமைக்கு அவள் பெயர் பிரேரிக்கப்படுவதில்லை. மூன்றாவது, வெளியிலுள்ள கட்சியோ உதவி வழங்கும் நிறுவனமோ தனக்கு வேண்டியவரை முன்னரே குறித்துவிட, கூட்டம் அதற்கு முத்திரையிடும் சடங்காகின்றது. இம்மூன்றிலும் தோற்றவர் என ஒருவர் வெளிப்படையாய் இல்லை. ஆயின் மறுநாள் வராதோர் பலர் இருப்பர்.

இதற்கு மாற்றைத் தேடித் தூரதேயம் போகவேண்டுவதில்லை. வன்னி குளங்களின் நாடு. எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்நாளில் துருசு திறப்பது, வாய்க்காலை யார் யார் எவ்வளவு வெட்டுவது என்பனவற்றைக் கமக்காரர் கூடித் தீர்மானித்தலும், வட்டவிதானை நீர்ப்பங்கைக் கண்காணித்தலும் இந்நாட்டின் பழைய வழமை. 1958 ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் இன்று கமக்காரர் அமைப்புகள் இயங்குகின்றன. குளத்துக் கூட்டத்தின் சிறப்பு யாதெனில், அங்கே வேலையும் அளவும் முதலில் பேசப்படும். ஆள் பின்னரே பேசப்படுவான். இளைஞர் கூட்டத்திலோ ஆள் முதலிலும் வேலை பின்னும் வருகின்றன. திருக்குறளில் 'தெரிந்துதெளிதல்' என்னும் அதிகாரத்தை அடுத்தே 'தெரிந்துவினையாடல்' வைக்கப்பட்டுள்ளது. ஒருவரை ஆராய்ந்து நம்புதல் ஒன்று. எவ்வினைக்கு எவர் உரியர் எனக் கண்டு அதனை அவர்பால் விடுதல் மற்றொன்று. இரண்டும் வேண்டும் என்பது அவ்வைப்புமுறையால் விளங்கும்.

தமிழர் வரலாற்றில் தெரிவுமுறைக்குத் தெளிவான சான்று உத்தரமேரூர்க் கல்வெட்டுகளாம். அகநானூற்றின் 77 ஆம் பாட்டிலே, கயிற்றாற் பிணித்த குடத்தின் பொறியை நீக்கி உள்ளிருக்கும் ஓலையை எடுக்கும் செயல் உவமையாக வந்துள்ளமையின், குடவோலை வழக்கம் மிகப் பழையதெனலாம். முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில், அவ்வூர்ச் சபை தன் விதிகளைக் கல்லிற் பொறித்தது. ஊர் முப்பது குடும்புகளாக வகுக்கப்பட்டது. குடும்புதோறும் தகுதியுடையார் பெயர்களை ஓலைகளில் எழுதிக் கட்டிக் குடத்திலிட்டனர். இளையோரும் முதியோரும் அடங்கலாகச் சபை கூடியிருக்க, கோயில் நம்பிமாருள் மூத்தவர் குடத்தை எல்லாருங் காண எடுத்து நிற்க, உள்ளிருப்பது அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டினை எடுத்தான். அது வேறொரு குடத்திலிட்டுக் குலுக்கப்பட்டு, ஓர் ஓலை எடுக்கப்பட்டது. மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் அதனை வாங்கி வாசித்தான், நம்பிமாரும் வாசித்தனர். விரித்த கையில் வாங்கவேண்டும் என்று விதித்தமை, வேறோர் ஓலையை ஒளித்துவைக்க இடங்கொடாமைக்கேயாம்.

இவற்றுள் நமக்கு மிகப் பயன்படுவன நான்கு. பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடத்திற்குள் வரமுடியாது. கடந்த மூன்றாண்டினுள் வாரியஞ் செய்தவர் மீண்டும் வரமுடியாது. பதவிக்காலம் 360 நாள். தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் முன்னர்ச் செய்து பழகியோரே சம்வத்சர வாரியத்திற்கு முதலில் எடுக்கப்பட்டனர். சிறு பொறுப்பில் தேறியவரிடமே பெரும் பொறுப்புச் சென்றது. இவையன்றி, 919 இல் முப்பது முதல் அறுபதாயிருந்த வயதெல்லையை 921 இல் முப்பத்தைந்து முதல் எழுபதாக அச்சபையே மாற்றியது. தன் விதியைத் தானே திருத்தும் துணிவும் அங்கிருந்தது. குறைகளையும் மறைத்தல் தகாது. அது பிராமணர் சபை. நிலமும் மனையும் வேதக்கல்வியும் உடைய ஆடவர்க்கே குடம் திறந்திருந்தது. ஆகவே நாம் அதன் விதிகளைப் போற்றலாம். அதன் வேலியைப் போற்றல் ஆகாது.

திருவுளச்சீட்டு எல்லாப் பதவிக்கும் பொருந்துமோ எனின், பொருந்தாது. பண்டைய ஏதென்சு நகரத்தார் ஐந்நூற்றுவர் சபையைச் சீட்டினால் அமைத்தனர். ஆயின் போரை நடத்தும் பதின்மர் தளபதிகளை வாக்கினால் தெரிந்தனர். நேர்மை ஒன்றே போதுமான பதவிக்குச் சீட்டு; தனித்திறமை வேண்டும் பதவிக்கு வாக்கு என்பது அவர்கண்ட நெறி. இளைஞர் கழகத்துக்கும் இது நன்கு பொருந்தும். விளையாட்டுப் பொருள்களைக் காத்தல், வாசிகசாலையைத் திறந்து பூட்டுதல், சிரமதான நாளில் வரவுப் பதிவு செய்தல் என்பன எவரும் செய்யத்தக்கன. இவற்றுக்கு ஓலைபோலத் துண்டெடுக்கலாம். கணக்காய்வாளர் இருவரையும் அவ்வாறே எடுத்தல் நன்று. தன்னைச் சோதிப்பவர் யாரென்று பொருளாளர் முன்னறியாதிருப்பார். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரையும் இரகசிய வாக்கினாலேயே தெரிதல்வேண்டும்.

அவ்வாக்கினை எண்ணுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம். கழகத்தில் 30 பேர், போட்டியிடுவோர் மூவர். முதல்வருக்கு 12, இரண்டாமவருக்கு 10, மூன்றாமவருக்கு 8 வாக்குகள் கிடைத்தன. முதல்வரே வென்றார் என முடித்தால், அவரை விரும்பாத பதினெண்மர்க்கு அவர் தலைவராவார். இலங்கையின் சனாதிபதித் தேர்தலில் வாக்காளர் 1, 2, 3 என விருப்பு வரிசையைக் குறிக்கலாம் என்பதை யாவரும் அறிவர். 2024 ஆம் ஆண்டிலே எவரும் அரைவாசிக்கு மேற் பெறாமையால், இரண்டாம் மூன்றாம் விருப்புகள் முதன்முறையாக எண்ணப்பட்டன. அதே முறையைக் கழகத்திற் கையாண்டால், மூன்றாமவர் நீங்க, அவருக்கு வாக்களித்த எண்மரின் இரண்டாம் விருப்புப் பார்க்கப்படும். அறுவர் இரண்டாமவரையும் இருவர் முதல்வரையும் குறித்திருப்பின், இரண்டாமவர் 16, முதல்வர் 14 எனக் கணக்கு மாறும். வென்றவர் பெரும்பாலாரின் இணக்கத்தைப் பெற்றவராகின்றார்; மூன்றாமவரை விரும்பினோரின் வாக்கும் வீணாகவில்லை. மேலும், பிறருடைய இரண்டாம் விருப்பை வேண்டுபவர் அவரை இகழ்ந்து பேசத் துணியார். சிறிய ஊரில் இது பெருநன்மையாம்.

எனினும் பதினால்வர் இன்னும் எஞ்சி நிற்கின்றனர். அவர்களை இழத்தல் ஏறத்தாழ அரைக் கழகத்தை இழத்தலாகும். எந்த எண்ணும் முறையும் இதனை முற்றாகத் தீர்க்காது, வழக்கமே தீர்க்கவேண்டும். தோற்றவருக்கு அன்றைக்கே, அக்கூட்டத்திலேயே, பெயர் குறித்த ஒரு வேலையை ஒப்படைத்தல் நன்று: குளக்கட்டுத் துப்புரவோ, சிறுவர் மாலை வகுப்போ, விளையாட்டுப் போட்டியோ ஆகலாம். அவ்வேலையில் தலைவர் தலையிடாதிருத்தல் வேண்டும். தலைவர் ஓராண்டின்பின் விலகி, கணக்கை மண்டபத்துச் சுவரில் ஒட்டி, அடுத்தவருக்குச் சாவியைக் கையளித்தல் வேண்டும். ஓராண்டிற் போகும் பதவிக்காக எவரும் உறவை முறித்துக்கொள்ளார். போகாத பதவிக்காகவே ஊர் இரண்டுபடுகின்றது.

பெயர் குறித்தலும் எழுத்தாலேயே நிகழ்க. தகுதியுடையாரென ஒவ்வொருவரும் இருவர் பெயரைத் துண்டில் எழுதவேண்டும். அவ்விருவருள் ஒருவர் பெண்ணாயிருத்தல் வேண்டும் என விதித்தால், எழுந்து பிரேரிக்கக் கூசிய பெயர்கள் தாமே வெளிவரும். துண்டுகளைக் கிராம அலுவலரோ பாடசாலை அதிபரோ எல்லாருங் காண எண்ணுக. இதற்குச் செலவு ஒரு பயிற்சிக் கொப்பியும் ஒரு வெற்றுப் பெட்டியுமே.

இறுதியாக, நம் கல்லூரிகளை நோக்கியும் ஒரு சொல். மாணவ முதல்வர்களைப் பெரும்பாலும் ஆசிரியரே நியமிக்கின்றனர். அதற்குத் தக்க காரணமும் உண்டு. ஆயின் மேலோர் சுட்டியவரே தலைவர் என்று பன்னீராண்டு பழகிய மாணவன், ஊருக்குச் சென்றதும் முன்வரிசையில் இருப்போரின் முகத்தைப் பார்ப்பதில் வியப்பென்ன? தமிழ் மன்றத்திலும் இந்து மன்றத்திலும் விளையாட்டுக் குழுவிலுமாவது வாக்குப் பெட்டியையும் விருப்பு வரிசையையும் துண்டெடுப்பையும் பழக்குதல் ஆசிரியர் கடனாகும். தோற்றபின்னும் வேலைக்கு வரும் பண்பை மாணவன் அங்கேயே கற்கட்டும். உத்தரமேரூரிலே இளையோரையும் சபையில் இருத்திக் குடத்தைத் திறந்தனர். பதினொரு நூற்றாண்டுகளின்பின் அக்குடம் மாங்குளத்து மண்டபத்தில் ஓர் அட்டைப்பெட்டியாய் வைக்கப்படுமாயின், அதனைச் சூழ நிற்போருள் ஒருவரேனும் வீடு திரும்பிக் கதவடைத்துக்கொள்ளாதிருப்பதே அதன் வெற்றியாகும்.