குண்டு வெடித்த களமும் புலனாய்வாளர் பயிற்சியும்

வெடிகுண்டு தன்னையே அழித்துக்கொள்ளுதலின், அது வெடித்த இடத்திற் சான்று எதுவும் எஞ்சாது என்பர் சிலர். அஃது உண்மையன்று. குண்டின் உறுப்புகள் சிதறுமேயன்றி முற்றாக மறைவதில்லை. அவற்றைத் தேடியெடுக்கும் முறை பயிற்சியினாற் பெறப்படுவதொன்று.

காயமுற்றோரை மீட்டபின், வெடியாத குண்டு பிறிதொன்று அங்கு உண்டோ எனப் பார்த்தல் முதற்பாடம். அடுத்து, வெடித்த மையத்துக்கும் மிகத் தொலைவிற் கிடக்கும் துண்டுக்கும் உள்ள தூரத்தை அளந்து, அதன் ஒன்றரை மடங்கில் எல்லை வகுப்பர். துண்டு 100 மீற்றரிற் கிடப்பின் எல்லை 150 மீற்றரில் அமையும். களத்தைப் படம் பிடித்து, கட்டங்களாகப் பகுத்து, மண்ணைச் சல்லடையிற் சலிப்பர். கம்பித் துணுக்கும் மின்கலத் தகடும் அங்கே அகப்படும். வெடிப்பு எட்டாத இடத்து மண்ணும் ஒப்புநோக்குதற்கு வேண்டும். உரமிட்ட நிலத்திலும் நைத்திரேற்று உண்டன்றோ!

1991 மே 21இல் சிறீபெரும்புதூரில் இராசீவ் காந்தி கொல்லப்பட்ட ஞான்று, தமிழ்நாட்டுத் தடய அறிவியல் அறிஞர் சந்திரசேகரன், சிதறிக் கிடந்தவற்றை ஒன்றுசேர்த்து ஆராய்ந்து, குண்டு பெண்ணொருத்தியின் உடலில் அணியப்பட்டிருந்தமையை நிறுவினார். களத்திற் கிடந்த புகைப்படக் கருவியொன்றின் படச்சுருளும் அழியாது கிடைத்துப் பெரிதும் உதவிற்று.

இனி நம் திருகோணமலைக்கு வருவோம். 2006 சனவரி 2ஆம் நாள் மாலை, நகரக் கடற்கரையிற் கைக்குண்டொன்று வெடித்தது. தமிழ் மாணவர் ஐவர் மாண்டனர். அவர்கள் கொண்டுசென்ற குண்டே அவர்களைக் கொன்றதெனப் பாதுகாப்புத் தரப்பினர் முதலிற் கூறினர். குண்டு முச்சக்கர வண்டியிலிருந்து எறியப்பட்டதென்றும், பின்னரே மாணவர் சுடப்பட்டனர் என்றும் சாட்சிகள் கூறினர். பிரேத பரிசோதனை துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டிற்று. குண்டுச் சிதறல்கள் ஒழுங்கற்ற விளிம்புடைய பல காயங்களை உண்டாக்கும். துப்பாக்கிச் சன்னம் புகுந்த வாயோ பெரும்பாலும் சிறிதாய், வட்டமாய், விளிம்பு சிராய்ந்து காணப்படும். கையிலுள்ள குண்டு வெடிப்பின் அக்கையே முதலிற் சிதையும்.

மருத்துவர் உடலிற் கண்ட இவ்வேறுபாட்டைப் புலனாய்வாளர் நிலத்திற் காணல் வேண்டும். குண்டு வெடித்த தழும்பு எங்கே? வெற்றுத் தோட்டாக்கள் எத்திசையிற் கிடந்தன? சுட்டவர் எங்கே நின்றனர்? காற்றும் காலடியும் ஓயாத கடற்கரையில் இவ்வினாக்களுக்கு விடை தேடச் சில மணி நேரமே உண்டு. சாட்சி கூற அஞ்சுவோர் வாழும் ஊரில் இவ்விடைகளின் பெறுமதி இரட்டிக்கும். இவ்வழக்கின் சாட்சிகள் சிலர் உயிரச்சத்தால் நாட்டைவிட்டே அகன்றனர். 2013இல் விசேட அதிரடிப்படையினர் உட்பட 13 பேர் கைதாயினர். 2019 யூலையில், போதிய சான்றின்மையால், திருகோணமலை நீதவான் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது.