சோத்துக்கு லீவ் லெட்டர்!

நாலு பரோட்டா, ரெண்டு ஆம்லெட், ஒரு பிளேட் சில்லி சிக்கன்... இத்தனையும் உள்ளே தள்ளிவிட்டுப் பல் குத்திக்கொண்டு வரும் ஒரு தமிழனைப் பார்த்து, ''சாப்பிட்டாச்சா?'' என்று கேட்டுப் பாருங்கள். ''இன்னும் இல்லீங்க, டிபன்தான் ஆச்சு!'' என்பான். பொய்யில்லை, மனசாரத்தான் சொல்கிறான். கடைசியாக ஒரு கைப்பிடி தயிர்சாதம் இறங்கினால்தான் அது நமக்குச் சாப்பாடு. அதுவரை உள்ளே போனதெல்லாம் சும்மா சில்லறை.

அப்பேர்ப்பட்ட ஊரில் இருந்துகொண்டு சோற்றைக் குறைப்பது என்று முடிவு பண்ணினால் என்னவெல்லாம் நடக்கும் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் என் பேலன்ஸ் ஷீட். (பி.காம். படித்தவன். இப்படித்தான் எழுத வரும், பொறுத்துக்கொள்ளவும்!) வயது 34. உயரம் அஞ்சடி ஏழங்குலம். எடை 91 கிலோ. இடுப்பு நாற்பது இன்ச். நம் ஊர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், அதாவது சுமார் முப்பத்தைந்தரை இன்ச்சைத் தாண்டினாலே மணி அடிக்கிறார்கள். எனக்கு மணி அடித்து, பள்ளிக்கூடமே விட்டிருந்தது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. சட்டையை வெளியே விட்டுக்கொண்டால் ஓரளவு மறைத்துவிடலாம். மறைக்க முடியாதது ஒன்று லேப் ரிப்போர்ட்டில் வந்தது. ஹெச்பிஏ1சி என்று ஒரு டெஸ்ட். கடந்த இரண்டு, மூன்று மாதத்தில் உங்கள் ரத்தத்தில் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்று காட்டிக் கொடுத்துவிடும். எனக்கு 6.1.

''டாக்டர், எனக்கு சுகர் வந்துடுச்சா?''

''6.5 தொட்டாத்தான் கன்ஃபர்ம்டு. 5.7-லேர்ந்து 6.4 வரைக்கும் ஆர்.ஏ.சி.! உங்களுக்கு சீட் குடுத்தாச்சு, பெர்த் இன்னும் குடுக்கலை'' என்றார் அந்தப் பெண் டாக்டர், சிரிக்காமல்.

எனக்கும் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒருவர் கன்ஃபர்ம்டு டிக்கெட்டில் இருபது வருஷமாகப் பயணம் செய்துகொண்டிருக்கிறார். என் அப்பா. 2019-ல் வலது காலில் ரெண்டு விரலை எடுத்தார்கள். அன்று முதல் எங்கள் வீட்டு வாசலில் அவர் செருப்பு மட்டும் தனியாகத் தெரியும். பின்னால் வார் வைத்து, மெத்தென்று, விலை ஜாஸ்தி. ரிப்போர்ட்டை அவரிடம் நீட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரெண்டு தடவை படித்தார்.

''எனக்கே நாப்பத்தஞ்சுலதான்டா வந்துச்சு. உனக்கென்ன இவ்வளவு அவசரம்?''

அவ்வளவுதான் சொன்னார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த ஆர்.ஏ.சி. லிஸ்ட் சின்னது என்று நினைக்காதீர்கள் ஸார். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இண்டியாப் ஆய்வின்படி நாட்டில் 10 கோடிக்கு மேல் சர்க்கரைக்காரர்கள். 13 கோடிக்கு மேல் வாசல்படியில் நிற்கிறார்கள். அதே ஆய்வின் 2025 அறிக்கை, நாம் சாப்பிடும் கலோரியில் 62 சதவிகிதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது.

சரி, நம் பங்கு என்ன என்று பார்ப்போம் என ஒரு நாள் கணக்கெழுதினேன். காலையில் அஞ்சு இட்லி, மாவுச்சத்து 50 கிராம். மத்தியானம் தட்டில் 400 கிராம் சோறு, 110. கணக்கு எழுதப் போகிற கம்பெனிகளில் உபசாரமாக வருகிற டீ அஞ்சு, ஒவ்வொன்றிலும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை, பாலையும் சேர்த்து 50-க்குக் குறையாது. சாயங்காலம் சமோசா, பிஸ்கெட் வகையறா 40. ராத்திரி நாலு தோசை, 80. கூட்டினால் 330 கிராம்! இதில் புரோட்டீன் எங்கே என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். சாம்பாரில் கொஞ்சம் பருப்பு மிதந்தது.

உள்ளே என்ன நடக்கிறது என்பது வங்கியில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு உடனே புரியும். மாவுச்சத்து குளுக்கோஸாக மாறுகிறது. அன்றாடச் செலவு போக மிச்சத்தில் கொஞ்சம் கிளைகோஜன் என்ற பெயரில் ஈரலிலும் தசையிலும் தங்கும். மொத்தம் அரைக் கிலோவுக்குள்தான். இது கரன்ட் அக்கவுன்ட். அதற்கு மேல் வருவது கொழுப்பாக மாறி ஃபிக்ஸட் டெபாசிட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்கு உச்சவரம்பு கிடையாது! இன்சுலின்தான் கேஷியர். ரொக்கம் வந்துகொண்டே இருக்கும்வரை டெபாசிட்டை உடைக்க விட மாட்டார். வரவைக் குறைத்தால், கவுன்ட்டரை மூடிவிட்டு டெபாசிட்டை எடுக்க அனுமதிப்பார்.

இது பாதி உண்மைதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரண்டு கட்சியாகப் பிரித்து, ஒரு கட்சிக்கு மாவுச்சத்தையும் இன்னொரு கட்சிக்குக் கொழுப்பையும் குறைத்து, ஒரு வருஷம் பார்த்தார்கள். 2018-ல் முடிவு வந்தது. மாவைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோ, கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ. பெரிய வித்தியாசமில்லை! அப்புறம் எதற்கு நான் சோற்றின் மேல் கை வைத்தேன்? கொழுப்பில் குறைக்க என் தட்டில் அதிகமாக ஒன்றுமில்லை. இருந்ததெல்லாம் மாவுதான். அதோடு முட்டையும் சிக்கனும் சாப்பிட்டால் நாலு மணி நேரத்துக்கு வயிறு வாயைத் திறப்பதில்லை. இட்லி பதினொரு மணிக்கே மெமோ கொடுத்துவிடும்.

இந்த யோசனை அமெரிக்காக்காரன் கண்டுபிடித்தது என்று பலர் நினைக்கிறார்கள். டாக்டர் அட்கின்ஸ் புத்தகம் போட்டது 1972-ல்தான். அதற்கும் நூறு வருஷத்துக்கு மேல் முன்னால், லண்டனில் வில்லியம் பான்டிங் என்று ஒருவர். தொழில், இறுதிச் சடங்கு நடத்துவது. அரச குடும்பத்துக்கே இவர்கள் வீட்டார்தான்! மனிதர் 66 வயதில் 202 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 92 கிலோ. குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியாது. மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்குவாராம். காது மந்தமாகிறதே என்று ஹார்வி என்ற காது டாக்டரிடம் போனார். அவர் காதை விட்டுவிட்டு வயிற்றைப் பார்த்தார். ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் எல்லாவற்றுக்கும் தடா! ஒரு வருஷத்தில் 46 பவுண்டு இறங்கியது. 1863-ல் அதை ஒரு சின்னப் புத்தகமாகவே போட்டார். ஸ்வீடன் நாட்டில் இன்றைக்கும் 'டயட் இருப்பது' என்பதற்கு வார்த்தை 'பான்ட்டா'. (அவருக்கு மத்தியானம் ரெண்டு மூணு கிளாஸ் ஒயின் அனுமதி உண்டு. இதை மட்டும் கத்தரித்துப் பர்ஸில் வைத்துக்கொள்ள வேண்டாம்!)

நம் ஊரில் பேலியோ அலை அடித்தபோது காலை டிபனுக்கு நூறு பாதாம் எண்ணிச் சாப்பிட்டவர்களை எனக்குத் தெரியும். மாதத்துக்கு மூவாயிரம் பாதாம் என்றால் சுமார் மூன்றரைக் கிலோ. ஒரு ஆளுக்கு! வீட்டில் நாலு பேர் பேலியோ ஆனால் பி.எஃப். லோன்தான்.

எனக்கு அது கட்டுப்படியாகாது. முதல் ரெண்டு வாரம் சோறு, இட்லி, தோசை, சர்க்கரை முழு நிறுத்தம். அப்புறம் மத்தியானம் மட்டும் ஒரு கிண்ணம் சோறு, 150 கிராம். மொத்தத்தில் ஒரு நாளைக்கு மாவுச்சத்து 100 கிராமைச் சுற்றி. டாக்டரிடம் சொன்னேன். ''தாராளமா பண்ணுங்க. ஆனா கல்யாணம் பண்ணிக்கிற மாதிரி பண்ணுங்க, மேட்னி ஷோ போற மாதிரி பண்ணாதீங்க'' என்றார். நல்ல டாக்டர்!

மூன்றாம் நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்குமாம். அது கரையும்போது தண்ணீரும் உப்பும் சேர்ந்து வெளியேறுகிறது. மருந்து நம் வீட்டிலேயே இருக்கிறது. உப்புப் போட்ட நீர்மோர், டம்ளரில் ரசம். எனக்கு நாலு நாளில் சரியானது. முதல் வாரம் 3 கிலோ குறைந்ததும் ஆபீஸ் முழுக்கப் போன் போட்டுச் சொல்லாதீர்கள். அதில் பெரும்பகுதி பாத்ரூமில் போன தண்ணீர்.

உடம்பைச் சமாளித்துவிடலாம். அம்மாவை?

''சோறே வேணாம்னா அப்புறம் குழம்பு எதுக்குடா வெக்கிறது?''

நியாயமான கேள்வி. யோசித்துப் பாருங்கள், நம் சமையலில் குழம்பு, ரசம், மோர், பொரியல், அப்பளம் எல்லாமே சோறு என்ற முதலாளியின் ஸ்டாஃப்தானே? முதலாளியை அனுப்பிவிட்டு ஆபீஸ் நடத்தச் சொன்னால்? கரண்டியும் கையுமாக நின்றார். கோபம் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து தானாகவே சொன்னார்.

''எங்க தருமபுரிப் பக்கம் அப்பல்லாம் தினமும் களிதான்டா. நெல்லுச்சோறு தீவாளிக்கும் பொங்கலுக்கும்தான். என் புள்ளைங்களுக்கு மூணு வேளையும் நெல்லுச்சோறு போடணும்னு நெனைச்சேன். போட்டேன். இப்ப நீ அதை விஷம்ங்கற...''

நான் விஷம் என்று சொல்லவேயில்லை. ஆனாலும் அதற்கு என்ன பதில் சொல்வது? 2011-லிருந்து ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிற நாட்டில், அரிசி அவருக்கு ஜெயித்த கோப்பை. ''நாளையிலேர்ந்து நீயே அளந்து போடும்மா'' என்று ஒரு சின்னக் கிண்ணத்தைக் கொடுத்தேன். இன்றுவரை அவர்தான் அளக்கிறார். கிண்ணத்தில் சோற்றை அமுக்கி வைப்பதும், மேலே கோபுரம் கட்டுவதும் நடக்கத்தான் நடக்கும். கூட்டைக் கெட்டியாக்கி, பொரியலை மூன்று மடங்காக்கினார். அவரைக்காய், முட்டைகோஸ், கீரை என்று தட்டு பச்சைப்பசேல்!

வெளியுலகில் வேறு மாதிரி. ''டயட்ல இருக்கேன்'' என்றால் போச்சு, பர்த்டே கேக்கை வாயிலேயே திணித்துவிடுவார்கள். ''டாக்டர் சொல்லியிருக்கார், சுகர் பார்டர்ல இருக்கு'' என்று குரலைத் தாழ்த்திச் சொல்லுங்கள். பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கல்யாணப் பந்தியில் சோற்று வாளிக்காரரை இலை மேல் கை வைத்துத் தடுத்தால் கை மேலேயே போட்டுவிட்டுப் போவார். காய்கறியை முதலில் காலி செய்துவிட்டு, சாம்பாருக்கு ஒரு கரண்டி, மோருக்கு அரைக் கரண்டி என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வதுதான் வழி. புரட்டாசி மாதம் சைவம் என்பதால் பனீர், வேர்க்கடலை, சுண்டல், தயிர் என்று ஓட்டினேன். சுண்டலிலும் மாவுச்சத்து உண்டு, அன்றைக்குக் கிண்ணத்துச் சோறு பாதி.

இன்னொன்று. ''ராத்திரி சப்பாத்திதான் ஸார், டயட்'' என்று நாலு சப்பாத்தியை உருளைக்கிழங்கு குருமாவில் முக்கிச் சாப்பிடும் நண்பர்களே... ஒரு சப்பாத்தியில் 15 கிராம் மாவுச்சத்து. நாலுக்கு 60! கேழ்வரகு, தினை, கைக்குத்தல் அரிசி இவற்றில் நார்ச்சத்து உண்டு, நல்லதுதான். ஆனால் மாவுச்சத்துக் கணக்கில் அரிசிக்குப் பக்கத்து வீடு.

ஒரு மாதம் கழித்து ஒரு மத்தியானம் அப்பாவும் தட்டை நீட்டி, ''எனக்கும் அவனுக்குப் போடற மாதிரியே போடு'' என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் இன்சுலின் போடுபவர். டோஸ் அப்படியே இருக்க, சோற்றை மட்டும் எடுத்தால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கி, வியர்த்து, நடுங்கி, மயக்கம் போட்டு விழுந்துவிட வாய்ப்பிருக்கிறது. அன்று வழக்கமான சோற்றையே சாப்பிட வைத்து, மறுநாள் டாக்டரிடம் அழைத்துப்போனேன். அவர் கிட்னி ரிப்போர்ட்டைப் பார்த்து, டோஸைக் குறைத்து, சோற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைத்தார். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது. மற்றவர்களும் மூணு மாதத்தில் ஒரு தடவை கொலஸ்ட்ரால் பார்ப்பது நல்லது. சிலருக்கு எல்.டி.எல். ஏறுகிறது.

அஞ்சாவது மாதம் 83 கிலோவில் வண்டி நின்றது. ஆறு வாரம் நகரவில்லை. இங்கேதான் முக்கால்வாசிப் பேர் இறங்கி, எதிர்ப்பக்கம் வருகிற பிரியாணி பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். உடம்பு சின்னதானால் அதற்கு வேண்டிய எரிபொருளும் குறையும் என்பதுதான் காரணம். தினமும் நாற்பது நிமிஷ நடையும் கொஞ்சம் தண்டாலும் சேர்த்தேன். மாதம் ஒரு ஞாயிறு மட்டன் பிரியாணி. அதைப் பட்ஜெட்டிலேயே எழுதி வைத்துவிட்டதால் ராத்திரி படுக்கும்போது உறுத்தல் கிடையாது.

பத்து மாதம் முடிந்து 79 கிலோ. இடுப்பு 36. ஹெச்பிஏ1சி 5.6. அப்பா ரிப்போர்ட்டை வழக்கம் போல ரெண்டு தடவை படித்துவிட்டு, மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். திருப்பித் தரவில்லை. அம்மா மட்டும், ''கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு'' என்று எதிர்வீட்டு அக்காவிடம் குறைப்பட, அந்த அக்கா என்னைக் கீழும் மேலும் பார்த்து, ''ஏன் தம்பி, சுகரா?'' என்றார்.

பேன்ட்டெல்லாம் கழன்று விழுகிறது. ஆறு பேன்ட்டைத் தூக்கிக்கொண்டு டெய்லரிடம் போனேன். இருபது வருஷமாக எங்கள் தெருவில் எல்லோர் இடுப்பும் அவருக்கு மனப்பாடம். பிடித்துத் தைத்து முடித்து, கையில் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

''உள்ளாற துணியை வெட்டலை ஸார்... அப்படியே மடிச்சு விட்டிருக்கேன். திரும்பப் பிரிக்கணும்னா சுளுவா இருக்கும்!''