அரிவாள் எப்போது ஆயுதமாகிறது?

தாக்குவதற்கோ தற்காத்துக்கொள்வதற்கோ என்று வடிவமைத்த பொருளும், அதற்காகவே மாற்றியமைத்த பொருளும் ஆயுதம் என்கிறது 1959-ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம். துப்பாக்கியோடு கூர்முனைக் கருவிகளும் இதில் சேரும். வீட்டுக்கும் வயலுக்கும் மட்டுமே ஆனவை சேரா. சாதாரணக் கைத்தடியைச் சட்டமே உதாரணம் காட்டுகிறது.

ஆயுத விதிகள் அளவையும் குறிக்கின்றன. வாள், ஈட்டி, கத்தி போன்றவற்றின் அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால் பட்டியலுக்குள் வரும். வீட்டு வேலை, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்கானவை அங்கேயும் விலக்கு. ஆகவே கறிக்கடைக் கத்தி ஒரு முழம் நீண்டாலும் நீளத்தால் மட்டும் ஆயுதமாகிவிடாது. இத்தகைய ஆயுதங்களுக்கு எல்லா ஊரிலும் உரிமம் தேவையில்லை. மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்ட பகுதிகளில்தான் தேவை. சீக்கியர் சமய அடையாளமாக அணியும் குறுவாளான கிர்பானுக்கு அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவே பாதுகாப்புத் தருகிறது.

சிக்கல் அரிவாளில் வருகிறது. கருக்குப் பல் வைத்த கதிரரிவாளைப் பார்த்து யாரும் சந்தேகப்படப் போவதில்லை. நீண்ட பிடியும் கனத்த அலகுமாக ஓங்கி வீசுவதற்கென்றே அடிக்கும் வீச்சரிவாளும் அதே கொல்லுப்பட்டறையில்தான் உருவாகிறது. இரண்டுக்கும் நடுவே, முள் வெட்டவும் விறகு பிளக்கவும் உதவும் வெட்டரிவாள் இருக்கிறது. அதன் வடிவத்தை வைத்து மட்டும் நோக்கத்தை முடிவுசெய்ய முடியாது. 2021-இல் தமிழகக் காவல்துறை, வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் குறித்துவைக்கும்படி பட்டறைகளைக் கேட்டுக்கொண்டது. குற்றத்தைத் தடுக்கும் அக்கறை நியாயமானதே. ஆனால் விவசாயியையும் கொல்லரையும் சந்தேக வளையத்துக்குள் நிறுத்தாமல் அதைச் செய்வதுதான் முக்கியம்.

வைத்திருப்பது ஒன்று, பயன்படுத்துவது வேறொன்று. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்னும் தண்டனைச் சட்டத்தின் 118-ஆவது பிரிவு, பொருள் எதற்காகச் செய்யப்பட்டது என்று கேட்பதில்லை. சுட, குத்த, வெட்டப் பயன்படும் எந்தக் கருவியும், தாக்கப் பயன்படுத்தினால் மரணம் விளைவிக்கக்கூடிய எந்தப் பொருளும் அதற்குள் அடங்கும். வெறுங்கையால் அடித்துச் சாதாரணக் காயம் ஏற்படுத்தினால் ஓராண்டு வரை சிறை. அதே காயத்தை அரிவாள்மனையால் ஏற்படுத்தினால் மூன்றாண்டு வரை. கல், கட்டை போன்றவற்றில் நீதிமன்றம் ஒவ்வொரு வழக்கையும் தனியாக எடைபோடுகிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு கல்லடி வழக்கில், கல்லின் அளவைப் பார்த்த உச்ச நீதிமன்றம், அது அபாயகரமான ஆயுதமல்ல என்று 2005-இல் முடிவுசெய்து, தண்டனைப் பிரிவைக் கடுமை குறைந்ததாக மாற்றியது.