ஒருவருக்கான உலை

துணையை இழந்த வாடிக்கையாளர் ஒருவர் கிளைக்கு வரும்போது, நாம் அவரிடம் கேட்பவை சிலவே. இறப்புச் சான்றிதழ், கணக்குப் புத்தகம், அடையாள அட்டை, உரிய இடங்களில் கையொப்பம். அவரும் அவற்றை ஓர் உறையிலிட்டு எடுத்து வந்திருப்பார். பணி முடிந்ததும் எழுந்து செல்வார். அவர் திரும்பிச் செல்லும் வீட்டில் மதிய உணவை யார் சமைத்திருக்கிறார்கள் என்று நாம் கேட்பதில்லை. கேட்பது நம் பணியும் அன்று. ஆயினும், ஈமக்கடன்கள் முடிந்து உறவினர் ஊர் திரும்பிய பின்னர், அவரை முதலில் எதிர்கொள்ளும் கேள்வி அதுவேயாகும்.

இவ்விதழில், நம் வாடிக்கையாளர் இருவரின் இல்லங்களை வாசகர்களுக்கு அறிமுகப்படுத்துகிறோம். ஒருவர் புனேயில் வாழும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மற்றவர் கொல்கத்தாவில் வாழும் இல்லத்தரசி. அவர்கள் விருப்பப்படியே பெயர்களைக் குறிப்பிடவில்லை.

புனே: அடுப்படியை அறியாத ஆசிரியர்

ஆசிரியருக்கு வயது 69. நாற்பத்தொரு ஆண்டு இல்லறத்தில் அவர் அடுப்பைப் பற்றவைத்தது தேநீருக்காக மட்டுமே. மனைவி மறைந்த முதல் இரு வாரங்கள் அண்டை வீட்டார் உணவு அனுப்பினர். பின்னர் பெங்களூருவிலுள்ள மகன் தன்னுடன் வருமாறு அழைத்தார். ஆசிரியர் மறுத்துவிட்டார். "பிள்ளை வீட்டில் விருந்தாளியாக இருப்பதைவிட, என் வீட்டில் பட்டினி கிடப்பது மேல் என்று அன்று நினைத்தேன். அது வீம்பு. ஆனால் அந்த வீம்புதான் என்னைச் சமைக்கவும் வைத்தது" என்கிறார்.

முதல் இரண்டு மாதங்கள் அவர் தேநீரும் பிஸ்கட்டும் கொண்டே பெரும்பாலான பொழுதைக் கழித்தார். உடல் எடை ஆறு கிலோ குறைந்தது. இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு, ஒரு காலை குளியலறை வாசலில் மயங்கி அமர்ந்தார். அன்றுதான் சமையலறைக்குள் சென்று ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்ததாகச் சொல்கிறார். எதிலும் பெயர் எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டிய தேவை மனைவிக்கு இருந்ததில்லை. துவரம் பருப்பு எது, கடலைப் பருப்பு எது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு பிடி எடுத்துக் காகிதத்தில் மடித்து, மளிகைக் கடைக்காரரிடம் காட்டிப் பெயர் கேட்டு வந்து, டப்பாக்களில் சீட்டு ஒட்டினார்.

அவர் முதலில் கற்றது 'வரண் பாத்'. மகாராஷ்டிரத்தில் குழந்தை முதல் முதியவர் வரை எல்லோருக்கும் உகந்த எளிய பருப்புச் சோறு அது. துவரம் பருப்பை மஞ்சளும் சிறிது பெருங்காயமும் சேர்த்துக் குழைய வேகவைத்து, உப்பிட்டு, சோற்றின் மீது ஊற்றி, மேலே நெய்யும் எலுமிச்சைச் சாறும் விடுவர். இரண்டாவது 'பிட்லா'. கடுகு, சீரகம், பூண்டு, பச்சை மிளகாய், வெங்காயம் ஆகியவற்றைத் தாளித்து, நீரில் கரைத்த கடலை மாவை ஊற்றிக் கிளறினால் பத்து நிமிடத்தில் ஆயத்தமாகிவிடும். காய்கறி வாங்க மறந்த நாளுக்கு அது கைகொடுக்கிறது. மூன்றாவது பாசிப்பருப்புக் கிச்சடி.

சப்பாத்தி மட்டும் அவருக்கு வசப்படவில்லை. அங்கே சப்பாத்தியைப் 'போளி' என்பர். நாம் அறிந்த இனிப்புப் போளியை 'பூரண் போளி' என்பர். புனேயின் பல தெருக்களில் 'போளி பாஜி கேந்திரம்' எனப்படும் சிறு கடைகள் உள்ளன. பெரும்பாலும் பெண்களே நடத்தும் அக்கடைகளில் சப்பாத்தியை எண்ணிக்கைக்கு ஏற்பவும், காய்க்கறியைச் சிறு அளவிலும் வாங்கிக்கொள்ளலாம். ஆசிரியர் மாலைதோறும் நான்கு போளி வாங்கிக்கொண்டு, பருப்பை வீட்டிலேயே சமைக்கிறார். "முழுவதும் கடையில் வாங்கினால் வீடு வீடாக இருக்காது. முழுவதும் நானே செய்தால் நான் இருக்க மாட்டேன்" என்று சிரிக்கிறார். ஒரு நாள் அவர் செல்லத் தவறினால், "மாஸ்தர், நேற்று ஏன் வரவில்லை?" என்று கடைக்கார அம்மாள் கேட்கிறார். தனியாக வாழ்பவரை நாள்தோறும் ஒருவராவது எதிர்பார்த்திருப்பது, நான்கு போளியைவிடப் பெரிய பயன்.

ஒருவருக்கு எவ்வளவு?

சமையல் தெரிந்தவர்களுக்கும் கூட, ஒருவருக்கென்று சமைப்பது எளிதன்று. பழகிய கை பழைய அளவையே எடுக்கிறது. இருவரின் பட்டறிவிலிருந்தும் சிலவற்றைத் தொகுத்துத் தருகிறோம்.

ஒரு வேளைக்கு அரிசி 75 கிராம், பருப்பு 40 முதல் 50 கிராம் வரை போதுமானது. இவ்வளவு கொள்ளும் ஒரு சிறு கிண்ணத்தை அரிசி டப்பாவிலேயே போட்டு வைத்தால், கை தவறாது. ஐந்து லிட்டர் குக்கரை மேல் தட்டில் ஏற்றிவிட்டு, இரண்டு அல்லது மூன்று லிட்டர் குக்கரைப் பயன்படுத்துவது நலம். அதனுள் இரு சிறு பாத்திரங்களை அடுக்கினால் சோறும் பருப்பும் ஒரே நேரத்தில் வெந்துவிடும். அடியில் நீர் இருக்கிறதா என்று பார்த்த பின்னரே மூட வேண்டும்.

எஞ்சிய சோற்றை இரவு வரை மேடையிலேயே விட்டுவைப்பது தனித்து வாழ்வோரிடம் மிகுதியாகக் காணப்படும் பழக்கம். வெந்த சோறு வெளியில் நெடுநேரம் இருந்தால் அதில் நுண்ணுயிரிகள் பெருகி நஞ்சை உண்டாக்கும். மீண்டும் சூடாக்கினாலும் அந்நஞ்சு முற்றாக அழிவதில்லை. ஆகவே இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டியில் வைத்து, மறுநாள் ஒரு முறை மட்டும் நன்கு சூடாக்கி உண்ண வேண்டும்.

எரிவாயுக் குழாயை ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். அதன் மீதே ஆண்டு குறிக்கப்பட்டிருக்கும். இரவில் ரெகுலேட்டரை அணைத்துவிடுவது, மறதி மிகும் வயதில் கட்டாயம் பழக வேண்டிய ஒழுங்கு. வாயுக் கசிவு ஏற்பட்டால் 1906 என்ற அவசர எண்ணை அழைக்கலாம்.

கொல்கத்தா: மீண்டும் வாங்கிய மீன்

கொல்கத்தா அம்மையாரின் நிலை முற்றிலும் வேறு. சமையலில் அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற கணவர் 71-ஆம் வயதில் மறைந்த பின், சமைப்பதற்கான காரணம்தான் அவருக்குத் தெரியாமல் போயிற்று.

வங்காளத்தில் உயர்சாதி இந்துக் குடும்பங்களில் கைம்பெண்கள் மீன், இறைச்சி, வெங்காயம், பூண்டு, மசூர் பருப்பு ஆகியவற்றை விலக்க வேண்டும் என்ற வழக்கம் நெடுங்காலம் இருந்தது. ஈசுவர சந்திர வித்யாசாகரின் இடையறா முயற்சியால் 1856-இல் விதவை மறுமணச் சட்டம் நிறைவேறியது. சட்டம் மணவாழ்வுக்கு வழி திறந்தது. உணவுத் தட்டின் மீதிருந்த கட்டுப்பாடோ தலைமுறைகள் தாண்டியும் தொடர்ந்தது. அத்தகைய குறுகிய வரம்புக்குள்ளும் அப்பெண்கள் வாழைப்பூ, பூசணி, கீரைத்தண்டு, காய்கறித் தோல், கசகசா ஆகியவற்றைக் கொண்டு நுட்பமானதொரு சைவச் சமையலை வளர்த்தனர். வங்காளிகள் இன்று பெருமையுடன் பரிமாறும் மரக்கறி உணவு பலவற்றில் அவர்களின் கைவண்ணம் உண்டு.

அம்மையாரின் மாமியார் அவ்வழக்கத்தை இறுதிவரை காத்தவர். தமக்கு அவ்வாறு யாரும் விதிக்கவில்லை என்கிறார் அம்மையார். "யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாரும் சாப்பிடு என்றும் சொல்லவில்லை. ஒருத்திக்காக மீன் வாங்குவது எனக்கே கூச்சமாக இருந்தது." ஐந்து மாதங்கள் உருளைக்கிழங்கைச் சோற்றுடன் வேகவைத்துக் கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்து உண்டே காலம் கடத்தினார். சோர்வு மிகுந்து மருத்துவரிடம் சென்றபோது இரத்தச்சோகை என்று தெரிந்தது.

ஒரு ஞாயிறு காலை சந்தை வழியே நடந்தபோது, வழக்கமான மீன்காரர், "மாஷிமா, இன்று எவ்வளவு?" என்று எப்போதும் போலவே கேட்டார். கணவர் மறைவு அவருக்கும் தெரியும். இருப்பினும் அவர் குரலில் தயக்கம் இல்லை. அம்மையார் ரோகு மீனில் இரண்டு துண்டு வாங்கினார். வீட்டுக்கு வந்து மஞ்சளும் உப்பும் தடவி வைத்துவிட்டு, அரை மணி நேரம் அழுததாகச் சொன்னார். பின்னர் எழுந்து பொரித்தார். ஒரு துண்டை அன்று உண்டார். மற்றொன்றை மறுநாள் குழம்பில் இட்டார். இப்போது புதன், ஞாயிறு இரு நாளும் மீன் உண்டு.

அடுப்பும் கணக்கும்

உணவு நின்றுபோவதற்குத் துயரம் மட்டுமே காரணம் என்று எண்ணிவிட வேண்டாம். சில வேளைகளில் மிகச் சாதாரண நடைமுறைத் தடைகளும் காரணமாகின்றன.

புனே ஆசிரியர் இல்லத்தில் எரிவாயு இணைப்பு மனைவியின் பெயரில் இருந்தது. உருளையைப் பெறும்போது சொல்ல வேண்டிய குறியீட்டு எண் மனைவியின் கைபேசிக்கே வரும். அந்த எண்ணை அவர் முதல் மாதத்திலேயே முடக்கிவிட்டார். உருளை தீர்ந்தபோதுதான் சிக்கல் புரிந்தது. இணைப்பைத் தம் பெயருக்கு மாற்றும் வரை மின்னடுப்பில் சமைத்தார். ஆகவே, மறைந்தவரின் கைபேசி எண்ணை உடனே துண்டிக்காமல், எரிவாயு, மின்கட்டணம், வங்கிக் கணக்கு ஆகிய எல்லாவற்றிலும் எண்ணை மாற்றிய பின்னரே முடிவு செய்க.

கொல்கத்தா அம்மையாருக்கோ வருவாய் குறைந்தது. மத்திய அரசில் ஓய்வூதியம் பொதுவாகக் கடைசி ஊதியத்தில் 50 விழுக்காடு. ஓய்வூதியர் 67 வயதைக் கடந்து மறைந்தால், துணைக்குக் குடும்ப ஓய்வூதியம் 30 விழுக்காடு. ஆள் ஒருவர் குறைவதால் அரிசிச் செலவு குறையலாம்; வாடகையும் மின்கட்டணமும் குறைவதில்லை. பலர் இந்த இடைவெளியைத் தம் உணவைக் குறைத்தே ஈடுகட்டுகின்றனர். அவர்கள் பால், பருப்பு, முட்டை, மீன், பழம் ஆகியவற்றுக்கான தொகையை மாதத் தொடக்கத்திலேயே தனியே ஒதுக்கிவிட வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.

ஓய்வூதியம் வந்த கணக்கு தம்பதியின் இணைக் கணக்காக இருந்தமையால், அம்மையார் புதிய கணக்குத் தொடங்க நேரவில்லை. இறப்புச் சான்று, ஓய்வூதிய ஆணையின் நகல், வயதுக்கும் அடையாளத்துக்கும் சான்று, உறுதிமொழி ஆகியவற்றை அளித்ததும் குடும்ப ஓய்வூதியம் அதே கணக்கில் வரலாயிற்று.

வாசகர்கள் கருத்தில் கொள்ள வேண்டிய வேறு சில:

இணைக் கணக்கில் 'இருவரில் எவரேனும் அல்லது எஞ்சியிருப்பவர்' என்ற விதி இருந்தாலோ, முறையான நாமினி நியமனம் இருந்தாலோ, வாரிசுச் சான்றிதழ் கேட்காமலேயே வங்கி தொகையை வழங்கும். உரிய ஆவணங்கள் கிடைத்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் வழங்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நாமினி அத்தொகையைச் சட்டப்படியான வாரிசுகளின் சார்பிலேயே பெறுகிறார் என்பதும் நினைவிருக்கட்டும்.

2025 நவம்பர் 1 முதல் வைப்புக் கணக்குகளுக்கு நான்கு பேர் வரை நாமினியாக நியமிக்கலாம். துணை மறைந்த பின், எஞ்சியவர் தம் கணக்குகளுக்குப் புதிய நாமினியை நியமிக்கத் தவறக் கூடாது.

மறைந்தவரின் ஏடிஎம் அட்டையைக் கொண்டு பணம் எடுப்பது முறையன்று. அவசரத் தேவையாயினும் கிளையை அணுகுக.

ஓய்வூதியர் ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ்வுச் சான்று அளிக்க வேண்டும். 80 வயது நிறைந்தோர் அக்டோபரிலேயே அளிக்கலாம். கைபேசியில் முகப்பதிவு மூலம் வீட்டிலிருந்தும் இதைச் செய்யலாம். 70 வயதைக் கடந்தோர் இல்லம் தேடி வரும் வங்கிச் சேவையையும் பெறலாம். மூத்த குடிமக்களுக்கான தேசிய உதவி எண் 14567.

இருவரும் இருக்கும்போதே

பிரியும் முன் ஆசிரியரிடம், மற்றவர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்று கேட்டோம். சற்று நேரம் எண்ணிப் பார்த்தார். "வாரத்தில் ஒரு நாள் கணவன் சமைக்கட்டும். அன்று மனைவி வங்கிக்குச் சென்று வரட்டும். உப்பு கூடினால் திருத்துவதற்கு ஆள் இருக்கும்போதே கற்றுக்கொள்வது நல்லது. என் பருப்பில் உப்பு சரியா என்று சொல்ல இப்போது எவரும் இல்லை" என்றார்.

அவர் இல்லத்தில் மதிய உணவு உண்டுவிட்டே நாம் விடைபெற்றோம். சோறு சற்றுக் குழைந்திருந்தது. பருப்பில் உப்பு சரியாகவே இருந்தது. அதை அவரிடம் சொல்லிவிட்டு வந்தோம்.