தேயும் அணுவும் தேர்ந்த கையும்

எக்ஸ்ரேப் படம் என்பதை இன்று அறியாதார் இலர். 1895ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் றொஞ்சன் கண்டறிந்த அக்கதிர்கள், இயந்திரத்திலிருந்து புறப்பட்டு, நோயாளியின் உடலை ஊடுருவி, அப்பாலுள்ள தகட்டில் நிழலை விழுத்துகின்றன. எலும்பு முறிந்துள்ளதா, நெஞ்சில் சளி கட்டியுள்ளதா என்பதை அந்நிழல் காட்டுகிறது. அணு மருத்துவத்திலோ நிலைமை தலைகீழானது. அங்கே கதிர் இயந்திரத்திலிருந்து வருவதில்லை. நோயாளியின் உடலிலிருந்தே வருகிறது. இயந்திரம் அதனை ஏற்றுப் பதிவு செய்வதோடு நின்றுவிடுகிறது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே அத்துறையிற் பணிபுரியும் கதிர்ப்படவியலாளரின் கல்வியும் கடமையும் கவலையும் பிறக்கின்றன.

உடலுக்குள் கதிர்வீசும் பொருளைச் செலுத்துவதா என்று அஞ்சுவது இயல்பே. ஆயினும் செலுத்தப்படும் அளவு மிகச் சிறிது, நோக்கமோ தெளிவானது. இம்முறைக்கு வித்திட்டவர் ஹங்கேரி நாட்டு இரசாயன அறிஞர் ஜோர்ஜ் ஹெவெசி ஆவார். அவர் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஒரு விடுதியில் தங்கியிருந்தபோது, முன்னாள் மிஞ்சிய உணவையே விடுதித்தலைவி புதுச்சமையல் போலப் பரிமாறுகிறாள் என்று ஐயுற்றாராம். தட்டில் எஞ்சிய உணவிற் சிறிதளவு கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளைக் கலந்துவிட்டார். சில நாட்களின் பின் மேசைக்கு வந்த உணவைக் கருவிகொண்டு சோதித்தபோது ஐயம் மெய்யாயிற்று என்று ஒரு கதை வழங்குகிறது. 1923ஆம் ஆண்டில் அதே உத்தியைச் செடிகளிற் கையாண்டு, வேர் உறிஞ்சிய ஈயம் எங்கெங்கே செல்கின்றது என்பதை அவர் கண்டார். 1943ஆம் ஆண்டுக்குரிய இரசாயன நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. போகுமிடத்தைத் தானே அறிவித்துச் செல்லும் இத்தகைய பொருளைச் சுவடுகாட்டி என்பர்.

கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பியை எடுத்துக்கொள்வோம். இரத்தத்திலுள்ள அயடீனை ஈர்த்தே அது தன் வேலையைச் செய்கின்றது. கதிர்வீசும் அயடீனைச் சிறிதளவு கொடுத்தால், சாதாரண அயடீனுக்கும் அதற்கும் சுரப்பி வேற்றுமை காண்பதில்லை; இரண்டையும் ஒருங்கே ஏற்கின்றது. வெளியே வரும் காமாக் கதிர்களைக் கொண்டு, சுரப்பி அளவுக்கு மீறி உழைக்கின்றதா, சோர்ந்து கிடக்கின்றதா, அதன் ஒரு பகுதி மட்டும் வேலை செய்யாதிருக்கின்றதா என்று அறியலாம். இலங்கையின் ஈரவலயத்தில் கழுத்துக் கழலை நெடுங்காலம் பரவலாகக் காணப்பட்ட நோயாகும். உண்ணும் உப்பில் அயடீன் சேர்க்கவேண்டும் என்ற விதி 1995ஆம் ஆண்டிற் செய்யப்பட்டது. ஆதலின் இப்பரிசோதனை இந்நாட்டு மக்களுக்கு எட்டாத விந்தையன்று. அவர்களின் கழுத்தைப் பற்றிய செய்தியே ஆகும்.

கண்டி மாநகரிலிருந்து மேற்கே சில மைல் தொலைவில், மகாவலி கங்கை வளைந்தோடும் பேராதனையில், இக்கலைக்கான இடம் அமைந்துள்ளது. அங்குள்ள பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1962ஆம் ஆண்டில் தொடங்கியது. அணு மருத்துவப் பிரிவொன்றும் அப்பீடத்தைச் சார்ந்து இயங்குகின்றது. அதே பல்கலைக்கழகத்தின் இணை சுகாதார விஞ்ஞான பீடம் கதிர்ப்படவியலில் நான்கு ஆண்டுப் பட்டப் படிப்பை நடத்துகின்றது. உயர்தரப் பரீட்சையில் விஞ்ஞானப் பாடங்களிற் சிறந்து தேறிய மாணவர் இதற்குத் தெரிவு செய்யப்படுகின்றனர். முதல் நாளே அணுவைத் தொட்டுவிட இயலாது. உடலமைப்பு, உடற்றொழில், கதிர்ப் பௌதிகம் ஆகியவற்றைக் கற்று, எக்ஸ்ரே முதலான பொதுமுறைகளிற் கைபழகிய பின்னரே அணு மருத்துவம் வருகின்றது. வேலையிற் சேர்ந்தபின் அத்துறையில் மேலும் பயில்வோரும் உளர். இலங்கை 1957ஆம் ஆண்டு முதல் அங்கத்துவம் பெற்றுள்ள சர்வதேச அணுசக்தி முகவரகம், வேலையை விட்டு வெளிநாடு செல்ல இயலாத ஆசிய நாட்டு ஊழியர் தம் ஊரிலிருந்தே பயிலுமாறு தொலைக்கல்விப் பாடத்திட்டம் ஒன்றையும் வகுத்திருக்கின்றது.

மாணவன் முதலிற் கற்கவேண்டியது காலக் கணக்கு. அணு மருத்துவத்தில் மிகுதியாக வழங்கும் பொருள் தெக்னீசியம் 99எம் என்பது. ஆறு மணி நேரத்தில் அதன் கதிர்வீச்சு பாதியாகிவிடும். காலை எட்டு மணிக்கு நாற்பது அளவாக இருந்தது பிற்பகல் இரண்டு மணிக்கு இருபதாகும். இரவு எட்டு மணிக்குப் பத்தாகும். மறுநாட் காலையிற் பதினாறில் ஒரு பங்குக்குச் சற்றும் மிகாது. நோயாளியின் உடலில் நெடுநேரம் தங்காமை அதன் சிறப்பு. ஆயின் அதைக் களஞ்சியத்தில் அடுக்கி வைத்து வேண்டும்போது எடுத்துக்கொள்ள முடியாது என்பது அதே சிறப்பின் மறுபுறம்.

இவ்விடருக்கு வழி கண்டவர்கள் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தினர். தெக்னீசியத்தின் தாய்ப்பொருள் மொலிப்டினம் 99 ஆகும். அது பாதியாக 66 மணி நேரம் செல்லும். தாயை ஈயக் கவசமிட்ட கலத்துள் வைத்தால், அதிலிருந்து மகவு ஓயாது பிறந்துகொண்டிருக்கும். உப்பு நீரைச் செலுத்தினால் தெக்னீசியம் மட்டும் கரைந்து வெளிவரும். மொலிப்டினம் உள்ளேயே தங்கும். ஒரு நாளிற் கலம் மீண்டும் நிறைந்துவிடும். காலைதோறும் கறப்பதனால் இக்கலத்தைப் பசு என்றும், வேலையைப் பால் கறத்தல் என்றும் உலகெங்குமுள்ள தொழிலாளர் விளையாட்டாக அழைக்கின்றனர். ஆனால் இப்பசு நாளுக்கு நாள் வற்றுவது. ஒரு கிழமை சென்றால் முதல்நாட் பாலில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கே கிடைக்கும்.

மொலிப்டினத்தை ஆக்குவதற்கு அணு உலை வேண்டும். இலங்கையில் அணு உலை இல்லை. நெதர்லாந்து, பெல்ஜியம், தென்னாபிரிக்கா, அவுஸ்திரேலியா முதலிய சில நாடுகளின் உலைகளே உலகுக்கு இதை வழங்குகின்றன. 2009, 2010ஆம் ஆண்டுகளிற் கனடாவிலும் நெதர்லாந்திலும் இருந்த பெரிய உலைகள் பழுதுபார்ப்புக்காக நின்றபோது பல தேசத்து வைத்தியசாலைகளும் தவித்தன. வெளிநாட்டிலிருந்து வானூர்தியிற் கட்டுநாயக்காவில் வந்திறங்கும் கலம், அங்கிருந்து கடுகண்ணாவை மலையேறிக் கண்டிப் பக்கம் வந்து சேரவேண்டும். வழியில் இரண்டே முக்கால் நாள் தாமதமாயின், வாங்கிய பொருளிற் பாதி எவருக்கும் பயன்படாமலே தேய்ந்துபோகும். எந்த நோயாளியை எந்த நேரத்துக்கு அழைப்பது என்று கதிர்ப்படவியலாளர் எழுதும் பட்டியலில் ஒருவர் பிந்தினாற் பலர் தவறுவர்.

காலை வேலை இவ்வாறு தொடங்கும். கறந்த திரவத்திலே தாய்ப்பொருள் கசிந்துள்ளதா என்று சோதித்தல் வேண்டும். பின்னர் அதனை உரிய மருந்தோடு சேர்க்கவேண்டும். எலும்பை நாடும் மருந்தோடு சேர்ந்தால் தெக்னீசியம் எலும்புக்குச் செல்லும். சிறுநீரகம் வடிக்கும் மருந்தோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்குச் செல்லும். ஒவ்வோர் ஊசியின் அளவையும் கருவியில் அளந்து, நேரத்தைக் குறித்துச் சீட்டு ஒட்டவேண்டும். படம்பிடிக்கும் காமாக் கமராவையும் நாள்தோறும் பரீட்சித்தல் கடன். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்க விஞ்ஞானி ஹால் ஆங்கர் ஆக்கிய அக்கருவியினுள்ளே பெரியதொரு பளிங்கு உண்டு. காமாக் கதிர் பட்டவுடன் அது மின்மினி போல் ஒளிரும். பளிங்கின் ஒரு பகுதி மங்கியிருந்தால், நோயாளியிடம் இல்லாத நோய் படத்திலே தோன்றிவிடும்.

தன்னைக் காத்துக்கொள்ளும் முறையையும் மாணவன் பயிலவேண்டும். காலத்தைக் குறை, தூரத்தைக் கூட்டு, இடையில் ஈயத்தை வை என்பன மூன்று விதிகள். தூரம் இருமடங்கானாற் கதிரின் செறிவு நான்கில் ஒன்றாகும். தொழிலாளருக்கு ஆண்டுக்குச் சராசரி 20 மில்லிசீவேட்டுக்கு மேற்படலாகாது என்பது சர்வதேச நியமம். பொதுமக்களுக்கு அது ஒரு மில்லிசீவேட்டு மட்டுமே. மார்பில் அணியும் சிறு பட்டி எவ்வளவு கதிர் பட்டது என்பதைக் கணக்கிட்டுக் காட்டும். இத்துறையைக் கண்காணிக்க 1969ஆம் ஆண்டிற் சட்டத்தால் அணுசக்தி அதிகாரசபை நிறுவப்பட்டது. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின் பின் ஒழுங்குறுத்தும் பொறுப்பு தனியான சபையொன்றிடம் உள்ளது.

இத்தனையும் கற்றபின்னும் எஞ்சி நிற்பது ஒரு கேள்வி. பெண்ணொருத்திக்கு ஊசி ஏற்றுமுன் அவள் கருவுற்றிருக்கிறாளா, குழந்தைக்குப் பால் கொடுக்கிறாளா என்று கேட்டே ஆகவேண்டும். கருவிலுள்ள சிசுவின் தைரொயிட்டும் அயடீனை ஈர்க்கும். கதிர்வீசும் அயடீன் சிகிச்சை பெற்ற தாய் அக்குழந்தைக்குத் தாய்ப்பால் ஊட்டுவதை அடியோடு நிறுத்தவேண்டும். பாடநூல்கள் ஆங்கிலத்தில் உள்ளன. பிரிவில் வழங்குவது பெரும்பாலும் சிங்களம். புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பேருந்தேறி வந்து வாங்கில் அமர்ந்திருக்கும் தாய்க்குத் தெரிந்ததோ தமிழ். ஏட்டுச் சொல்லாற் கேட்டால் அவள் விழிப்பாள். ஆடவர் முன்னிலையிற் கேட்டால் நாணித் தலையசைப்பாள். அருகிருத்தி, “அம்மா, முழுகாமல் இருக்கிறீர்களா? கடைசியாக எப்போது குளித்தீர்கள்?” என்று அவளுடைய சொல்லிலே கேட்டால் உண்மை வெளிவரும்.

பெயர் கேட்பதிலும் இதே நுட்பம் உண்டு. “நீங்கள்தாமே மாரியம்மாள்?” என்று வினவக்கூடாது. வைத்தியசாலையிற் பயந்திருப்போர் எதற்கும் ஆமென்பர். “உங்கள் பெயர் என்ன? எந்தத் தோட்டம்?” என்று கேட்டு, அவர் வாயாலே சொல்லச் செய்யவேண்டும். ஒருவருக்குரிய ஊசி மற்றொருவருக்கு ஏறிவிட்டால் அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. தேயும்வரை காத்திருப்பதே செயல்.

ஆகவே அணு மருத்துவக் கதிர்ப்படவியலாளராக விழையும் இளைஞர், பௌதிகமும் இரசாயனமும் கற்பதோடு அமையாது, தம் மாவட்டத்தில் வழங்கும் இரு மொழிகளையும் கற்றுக்கொள்வாராக. தமிழ் மாணவர் சிங்களத்தையும், சிங்கள மாணவர் தமிழையும் நோயாளியோடு பேசுமளவிற்கேனும் பயிலுதல் வேண்டும். அணு உலையிற் பிறந்து கடல் கடந்து மலையேறி வந்த தாய்ப்பொருளிலிருந்து கறந்த தெக்னீசியம், சில மணி நேரமே பயன் தரும். அந்நேரம் வீணாகாமலும், எவருக்கும் தீங்கு நேராமலும் காக்கும் கேள்வியைக் கேட்பது கதிர்ப்படவியலாளரின் கடமை.